அறையில் 21 டிகிரி, ஆனாலும் ஏன் குளிர்கிறது?

கேள்வி இது: ஹீட்டர் ஓடுகிறது, சுவரில் உள்ள தெர்மோமீட்டர் 21 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் சோபாவில் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் கால் சில்லிட்டுப்போகிறது, தோள் குறுகிப்போகிறது. கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. குளிர்காலம் முழுக்க வீட்டிலேயே இருக்க வேண்டியவர் இதமாக இருக்க என்னதான் செய்வது?

உங்களுக்குக் குளிர்வது பிரமை இல்லை, தெர்மோமீட்டரும் தப்பாகக் காட்டவில்லை. அது அளப்பது அறைக்காற்றின் சூட்டை மட்டும்தான். உடம்பு கவனிப்பதோ தன்னிடமிருந்து சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை. சும்மா உட்கார்ந்திருக்கும் வளர்ந்த ஒருவரின் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. உடம்பில் உண்டாகிற சூடும் வெளியேறுகிற சூடும் சமமாக இருந்து, தோல் சராசரியாக 33, 34 டிகிரியில் இருந்தால் குளிரும் புழுக்கமும் நினைவுக்கே வராது. வெளியேறுவது கொஞ்சம் கூடினாலே உடம்பு உஷாராகிவிடும். இதயம், மூளை, குடல் ஆகியவற்றைக் காப்பாற்றுவதற்காகக் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். முதலில் விரல் நுனியும் பாதமும் ஜில்லிடுவது அதனால்தான்.

இந்தக் கணக்கை 1970 வாக்கில் ஒழுங்குபடுத்தித் தந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் என்ற பொறியாளர். ஒருவர் அறைக்குள் இதமாக உணர்வது ஆறு விஷயங்களைப் பொறுத்தது என்றார்: காற்றின் வெப்பம், சுற்றியுள்ள சுவர், தரை, கண்ணாடி ஆகியவற்றின் வெப்பம், காற்று நகரும் வேகம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் துணி, உடம்பின் அசைவு. கட்டடங்களுக்கான வெப்ப இதத் தரங்கள் இன்றும் இந்த ஆறை வைத்துத்தான் பேசுகின்றன. ஹீட்டரின் அளவைக் கூட்டும்போது நாம் நேரடியாக மாற்றுவது பெரும்பாலும் முதல் ஒன்றைத்தான், அதுவும் ஆறிலேயே அதிகம் செலவு வைக்கிற ஒன்றை. மற்ற ஐந்தில் கை வைத்தால் பெரிய செலவில்லாமலே வீடு மாறிவிடும். என் அனுபவத்தில், குளிர்கிறது என்று சொல்லும் வீடுகளில் பாதிக்கு மேல் தேவைப்படுவது பெரிய ஹீட்டர் கிடையாது, சூடு எங்கே போகிறது என்று தேடிப் பார்க்கும் ஒரு சாயங்காலம்தான்.

முதலில் பார்க்க வேண்டியது பரப்புகளை. பெரும்பாலானவர்கள் தவறவிடுவதும் இதைத்தான். நம் உடம்பு காற்றுக்கு மட்டும் சூட்டைக் கொடுப்பதில்லை. எதிரே இருக்கும் குளிர்ந்த சுவருக்கும் கண்ணாடிக்கும் கதிர்வீச்சாக, தொடாமலே கொடுத்துக்கொண்டிருக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் நாம் இழக்கும் சூட்டில் பாதியளவுகூட இப்படிப் போகலாம். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலின் உட்புறம் சுமார் 5 டிகிரியில்தான் இருக்கும். இரட்டைக் கண்ணாடியாக இருந்தால் 12, 13 டிகிரி. அந்த ஒற்றைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால், அறைக்காற்று என்ன சூட்டில் இருந்தாலும் முதுகு குளிரத்தான் செய்யும். கண்ணாடியை ஒட்டியுள்ள காற்றும் குளிர்ந்து, கனத்து, கீழே வழிந்து, தரையோடு ஊர்ந்து கணுக்காலுக்கு வந்துவிடும். இறுக்கமாக மூடிய ஜன்னலிலிருந்தும் வாடை வருவது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

கணக்கு எளிது. காற்று அசையாத அறையில் நாம் உணரும் வெப்பம் என்பது காற்றின் வெப்பத்துக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் சராசரி வெப்பத்துக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். காற்று 21, பரப்புகள் 15 என்றால் உங்களுக்கு 18 டிகிரி அறையில் இருப்பது போல இருக்கும். கேள்விக்கு நேரடியான பதில் இதிலேயே இருக்கிறது.

ஆகவே இன்றைக்கே செய்யக்கூடியது: அதிக நேரம் உட்காரும் நாற்காலியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் நகர்த்தி, வீட்டின் உட்சுவர் பக்கம் கொண்டுபோங்கள். ஒரு மீட்டர் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். நகர்த்த இடமில்லை என்றால் முதுகு உயரமான நாற்காலியாகப் பார்த்துப் போட்டு, அதன் முதுகில் கம்பளி ஒன்றை விரித்துவிடுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை வேண்டும். மெல்லிய அலங்காரத் திரை போதாது, உள்துணி வைத்துத் தைத்ததாக இருக்க வேண்டும். திரையின் அடி ஜன்னல் திண்டையோ தரையையோ தொட வேண்டும். தொடவில்லை என்றால் திரைக்குப் பின்னால் குளிர்ந்த காற்று அடி வழியாக வழிந்து அறைக்குள் வந்துகொண்டே இருக்கும். ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்ச் சாதனம்) இருந்தால் திரை அதை மூடக்கூடாது. மூடினால் அதன் சூடு திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஏறி வீணாகிவிடும். இருட்டத் தொடங்கியதும் எல்லாத் திரைகளையும் இழுத்து மூடுங்கள். பகலில் வெயில் விழும் பக்கத்தை மட்டும் முழுக்கத் திறந்துவிடுங்கள். கண்ணாடி வழியாக வரும் வெயில் காசு கேட்காத ஹீட்டர். வாடகை வீட்டில் ஜன்னலை மாற்ற முடியாதவர்கள் ஜன்னல் சட்டத்தில் ஒட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் படலம் வாங்கலாம். நாலு பக்கமும் ஒட்டிவிட்டு, தலை உலர்த்தும் டிரையரால் சூடு காட்டினால் சுருங்கி விறைப்பாக நிற்கும். கண்ணாடிக்கும் படலத்துக்கும் நடுவில் நிற்கும் காற்றுதான் அங்கே வேலை செய்கிறது.

அடுத்தது இடுக்குகள். சூடான காற்று லேசானது, மேலே ஏறும். மாடிப்படி, பரண் வாசல், மேல்மாடி ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே போகும். போன காற்றுக்கு ஈடாகக் கீழே கதவடியிலும் ஜன்னல் இடுக்கிலும் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். வீடு எவ்வளவு சூடோ அவ்வளவு இழுப்பு. அடைக்காமல் ஹீட்டரைக் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதுதான்.

இடுக்கைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். காற்று வீசும் நாளில் மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, ஓர் ஊதுவத்தியைப் பற்றவைத்து, கதவு நிலை, ஜன்னல் சட்டம், கீல் பக்கம், பூட்டுத் துளை, சுவரில் குழாயும் ஒயரும் நுழையும் ஓட்டை, தரையும் சுவரும் சேரும் மூலை என்று மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள். புகை நேராக ஏறுகிற இடத்தில் குறை இல்லை. ஓரிடத்தில் சட்டென்று உங்கள் பக்கம் சாயும், அல்லது சிதறும். அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். திரைத்துணி அருகில் மட்டும் கவனம். ஜன்னல் சட்டத்துக்கு ஒட்டும் நுரைப் பட்டையும் ரப்பர் பட்டையும், சுவர் விரிசலுக்கு சிலிக்கான் பசையும், கதவடிக்குத் துணியைச் சுருட்டித் தைத்த உருளையும் போதும். மேல்தளத்தில் உள்ள இடுக்குகளை விட்டுவிடாதீர்கள். அங்கே அடைத்தால் கீழே உள்ளே வரும் வாடையும் குறையும். அடைக்கக்கூடாத ஒன்று உண்டு: எரிவாயு, விறகு, மண்ணெண்ணெய் என எது எரியும் அறையானாலும், அதற்கென்று வைத்த காற்றுத் துவாரத்தைத் தொடாதீர்கள்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைல்ஸ் தரையும் மரத்தரையும் ஒரே வெப்பத்தில் இருந்தாலும் டைல்ஸ்தான் ஜில்லென்று இருக்கும், காலின் சூட்டை அது வேகமாக உறிஞ்சுவதால். உட்காரும் இடத்தில் தடித்த விரிப்பு ஒன்று போடுங்கள், அல்லது காலைத் தரையிலிருந்து தூக்கி ஒரு முக்காலியில் வையுங்கள். தலைக்கும் கணுக்காலுக்கும் இடையே காற்றின் வெப்பம் 3 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் இதம் கெட்டுவிடும் என்று தரங்கள் சொல்கின்றன. உயரமான கூரையுள்ள அறைகளில் இந்த வேறுபாடு எளிதாக வந்துவிடும், சூடெல்லாம் மேலே போய் நிற்பதால். எதிர்த்திசையில் சுற்றும் வசதியுள்ள மின்விசிறி இருந்தால் மிகக் குறைந்த வேகத்தில் அப்படி ஓடவிடுங்கள். மேலே தேங்கிய சூடு சுவரோரமாக இறங்கும்.

இனி உடம்புக்கு வருவோம். அறை முழுவதையும் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது எவ்வளவு மலிவு என்பதை எண்களில் பாருங்கள். ஒரு விசிறி ஹீட்டர் 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். மின்கம்பளிப் போர்வை 100 வாட் அளவில், நாற்காலியில் போடும் சூட்டு மெத்தை அதைவிடக் குறைவு. ஒரே ஆள் மேசையில் வேலை செய்கிறார், மற்ற அறைகள் காலி என்றால் வீடு முழுக்க 22 டிகிரி தேவையே இல்லை. மடியில் கம்பளி, காலடியில் சூடு, அறையில் 18, 19 டிகிரி போதும். ஒரே வீட்டில் ஒருவருக்கு வியர்க்கும், இன்னொருவருக்கு நடுங்கும். தசையும் வயதும் உடல்வாகும் வேறுவேறு என்பதால் அப்படித்தான் இருக்கும். ஹீட்டர் அளவுக்காகச் சண்டை போட்டுக்கொள்ளாமல், குளிர்கிறவருக்கு அவர் இடத்தில் சூடு கொடுப்பதுதான் சரி.

உடையில் சூடு தருவது துணியைவிட, துணிக்குள் சிறைப்பட்ட காற்று. அதனால்தான் தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று அடுக்குகள் மேல். உள்ளே உடம்போடு ஒட்டி வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் ஒன்று, நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே காற்றைத் தடுக்கும் ஒன்று. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் மூன்றும் மூடியிருக்கட்டும். அங்கே திறந்திருந்தால் அடுக்குகளுக்குள் இருக்கும் சூடான காற்று நழுவிப் போய்விடும். சாக்ஸ் இறுக்கமாக இருந்தால் ரத்தம் போகாமல் கால் இன்னும் சில்லிடும்; இரண்டு சாக்ஸை இறுக்கிப் போடுவதைவிடத் தளர்வான கம்பளிச் சாக்ஸ் ஒன்று நல்லது. ஈரமான சாக்ஸைக் கழற்றிவிடுங்கள். பகலில் ஒரு முறையாவது மாற்றினால் கால் எப்படித் தேறுகிறது என்று உங்களுக்கே தெரியும். நின்று வீட்டு வேலை செய்யும்போது உடம்பு உண்டாக்கும் சூடு உட்கார்ந்திருக்கும்போது உள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே மணிக்கொரு முறை எழுந்து ஐந்து நிமிடம் ஏதாவது செய்வதும் சூடு ஏற்றும் வழிதான்.

ஈரப்பதத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள், ஏனென்றால் இரண்டு வீடுகளில் இரண்டு நேரெதிர் பிரச்சினைகள். 0 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு 5 கிராமுக்கும் குறைவான நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரிக் காற்று 17 கிராம் தாங்கும். வெளிக்காற்று உள்ளே வந்து சூடானதும் அதே நீராவி இப்போது அந்தக் காற்று தாங்கக்கூடியதில் கால் பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இடுக்குகள் நிறைந்த வீட்டில் தோல் அரிப்பதும், உதடு வெடிப்பதும், தொண்டை வறள்வதும் இதனால். நன்றாக அடைத்த வீட்டில் எதிர்மாறு: சமையல், குளியல், மூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக அறைக்குள் உலர்த்தும் துணி. ஒரு சலவை மூட்டை சுமார் 2 லிட்டர் தண்ணீரை அறைக்காற்றில் விட்டுவிடும். அது போய் வீட்டின் மிகக் குளிர்ந்த இடத்தில், ஜன்னலிலும் அலமாரிக்குப் பின்னுள்ள வெளிச்சுவரிலும், நீராகப் படியும். சுவரில் ஓதம் ஏறும், பூசணம் பிடிக்கும்.

உங்கள் வீடு எந்த வகை என்று காலையில் கண்ணாடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தண்ணீர் முத்துமுத்தாகக் கோத்து நிற்கிறதென்றால் ஈரம் அதிகம். அப்போது போய், காற்றில் ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபையர் வாங்கிவிடாதீர்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்று வைத்து 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்ல இலக்கு. கடும் குளிரில் ஜன்னல் வியர்த்தால் 40-க்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். குளிரிலும் ஜன்னலைத் திறக்கத்தான் வேண்டும், ஆனால் நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பது மோசமான வழி, சுவரெல்லாம் குளிர்ந்துபோகும். எதிரெதிர் ஜன்னல்களை முழுக்கத் திறந்து, ஐந்து, பத்து நிமிடத்தில் மூடிவிடுங்கள். சூடு போய்விடுமே என்ற பயம் வேண்டாம். 40 கன மீட்டர் அறையின் காற்று முழுவதையும் 0-விலிருந்து 20 டிகிரிக்குக் கொண்டுவர மின்சாரத்தில் கால் யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். வீட்டின் சூடு பெரும்பாலும் சுவரிலும் தரையிலும் சாமான்களிலும் இருக்கிறது, அது பத்து நிமிடத்தில் போவதில்லை.

இரவுக்கு வேறு விதி. படுக்கையறை 16 முதல் 19 டிகிரி வரை கொஞ்சம் குளிராகவே இருக்கலாம், படுக்கை மட்டும் கதகதப்பாக இருந்தால் போதும். பாதம் சூடாக இருப்பவர்களுக்குத் தூக்கம் விரைவாக வருகிறது என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1999-இல் காட்டினார்கள். பாதத்தின் ரத்தக்குழாய்கள் விரிந்து உடம்பின் உட்சூடு வெளியேறும்போதுதான் தூக்கம் கண்ணைச் சுழற்றும். படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளிப்பதும் இதே காரணத்தால்தான் உதவுகிறது. மேலே இரண்டாவது போர்வை போட்டும் குளிர்ந்தால், அடியில் ஒன்று விரித்துப் பாருங்கள். நம் எடையில் மெத்தை அமுங்கி அதிலுள்ள காற்று நசுங்கிவிடுவதால் கீழ்ப்பக்கமும் சூடு போகும்.

வெந்நீர்ப் பை அருமையான பொருள், ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. கழுத்துக்குக் கீழே சிலவற்றில் பூ வடிவத்தில் ஓர் அச்சு இருக்கும். நடுவில் உள்ள எண் தயாரித்த ஆண்டு, சுற்றியுள்ள பன்னிரண்டு இதழ்கள் மாதங்கள். இரண்டு, மூன்று ஆண்டு ஆனதையும், மடித்தால் விரிசல் தெரிகிறதையும் தூக்கிப்போட்டுவிடுங்கள். கொதிக்கிற நீரை ஊற்றாதீர்கள். முக்கால் பாகம் நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துணியுறையில் போட்டுப் படுக்கையைச் சூடாக்கிவிட்டு, தூங்கும் முன் எடுத்துவிடுங்கள். 44 டிகிரிச் சூடு கையில் பட்டால் இதமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் பட்டால் தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது மிக முக்கியம்.

இதம் என்பது சூடு மட்டும் கிடையாது, வெளிச்சமும்தான். குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984-இல் விவரித்தார்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; நம் வீட்டு விளக்குகள் சில நூறு லக்ஸ்தான் தரும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். காலையில் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். முடியாதவர்கள் மேசையை ஜன்னல் பக்கம் போடலாம். குளிர்ந்த கண்ணாடி என்றால் முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில், மடியில் போர்வையோடு. வாரக்கணக்கில் மனம் எழவே மறுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், 10,000 லக்ஸ் விளக்குச் சிகிச்சை உட்பட வழிகள் இருக்கின்றன. மற்ற எல்லோரும் சரியாக இருக்கும்போது உங்களுக்கு மட்டும் எப்போதும் குளிர்ந்தாலும் காட்டிக்கொள்ளுங்கள். ரத்தசோகையாலும் தைராய்டு குறைவாலும் அப்படி வரலாம். விரல்கள் குளிரில் வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஆபத்து விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைக்காதீர்கள், அணையப்போகும் கங்கு என்றாலும் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஒரே நேரத்தில் வீட்டிலுள்ள பலருக்கும் வந்தால் உடனே எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். எரியும் சாதனம் இருக்கும் வீட்டில் இந்த வாயுவைக் கண்டு எச்சரிக்கும் அலாரம் கட்டாயம் வேண்டும். மின் ஹீட்டரைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் திரை, போர்வை, துணி எதுவும் இருக்கக்கூடாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அதைச் செருகாமல் சுவர் பிளக்கிலேயே செருகுங்கள்.

ஆளைச் சூடாக்கினால் போதும் என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அறையையும் சூடாக வைத்தே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி என்கிறது. நோயாளிகள், முதியவர்கள், குழந்தைகளுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். கைக்குழந்தையின் தொட்டிலில் தளர்ந்த போர்வையோ வெந்நீர்ப் பையோ வைக்காதீர்கள், அடுக்காக உடுத்திவிடுங்கள். வயதானவர்களுக்குக் குளிர் உறைக்கும் உணர்வே மங்கிவிடுவதால், குளிரவில்லை என்று அவர்கள் சொல்வதை நம்பி விட்டுவிட முடியாது. துணிக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வயிறு சில்லென்றிருந்து, பேச்சுக் குழறி, தூக்கக் கலக்கமாக இருந்தால் உடல்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கலாம். சூடான அறையில் உலர்ந்த துணி போர்த்திவிட்டு, கை காலைத் தேய்க்காமல், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.